அனைவரும் வருக!

எட்டே எட்டு எழுத்துகள். 'அனைவரும்' என்பதற்கு ஐந்து. 'வருக' என்பதற்கு மூன்று. அழைப்பிதழின் அடியில், நட்டநடுவே, சற்றுப் பெரிய எழுத்தில் வந்து நிற்கும் அந்த இரு சொற்களைப் படிக்காதார் இலர்; படித்தபின் அவை பற்றிச் சிந்திப்பாரும் இலர். பந்தலுக்கு வாழைமரம் எப்படியோ, அழைப்பிதழுக்கு அந்தச் சொற்கள் அப்படி. கட்டவேண்டும் என்பதற்காகக் கட்டப்படுவது. காய்ந்ததும் கழற்றி எறியப்படுவது!

என் தந்தையார் அந்த எட்டு எழுத்துகளைத் தம் வாழ்நாளில் எத்தனை முறை கோத்திருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. அவர் அச்சுக்கோப்பவர், ஊரார் வழக்கில், கம்பாசிட்டர். மரத்தாலான கேஸ் எதிரே சாய்ந்திருக்கும். அதிலே அறை அறையாக ஈய எழுத்துகள். இடக் கையில் ஸ்டிக்; வலக் கை அறைக்கு அறை பறக்கும். எழுத்துகள் தலைகீழாக நிற்கும். அவர் அவற்றைத் தலைகீழாகவே படிப்பார். நாமெல்லாம் நேராகப் படிப்பதற்காக, நாளெல்லாம் நின்றபடி, தலைகீழாகப் படித்த மனிதர் அவர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் அவர் விரல் படாத பொருள் இல்லை. சிலப்பதிகாரம் பற்றிய சொற்பொழிவா, கிரேக்கத் தத்துவம் பற்றிய கருத்தரங்கா, ருஷிய நாவல் பற்றிய ஆய்வுரையா, எல்லாம் அவர் விரல் வழியேதான் வெளி உலகுக்குச் சென்றன. அறிவு அவர் கையைக் கடந்து சென்றது. அவரைக் 'கூட வா' என்று அது அழைத்ததில்லை.

எங்கள் ஊரில் ஒரு பல்கலைக்கழகம் உண்டு. அதன் பெயரைக் கூறப் போவதில்லை. கூறினால், 'அங்கேதான் அப்படி. எங்கள் வளாகம் அப்படியல்லவே!' என்று மற்ற வளாகங்கள் மகிழ்ந்து மார்தட்டும். ஆகவே பெயர் வேண்டாம். நடந்தது மட்டும் போதும்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் அழைப்பிதழ்கள் என் தந்தை வேலை பார்த்த அச்சகத்தில்தான் அச்சாகும். 1968ஆம் ஆண்டு. சிலப்பதிகாரம் பற்றி ஒரு மாலைச் சொற்பொழிவு. அழைப்பிதழைக் கோத்தவர் என் தந்தை. புரூஃப் பார்த்துத் திருத்தியபோது அவருக்கு என்ன தோன்றிற்றோ, அன்று வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுக் கையில் ஏறியிருந்த கறுப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வெளுத்த வேட்டி, சட்டை. பத்து வயதுச் சிறுவனாகிய என்னையும் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். சட்டைப் பையில், அவர் கோத்த அழைப்பிதழ்.

வாயிலில் காவலர் தடுத்தார்.

"யாரைப் பார்க்கணும்?"

"சொற்பொழிவு கேட்க வந்தேங்க."

"அதெல்லாம் படிச்சவங்களுக்குய்யா. போய் வேலையைப் பாரு."

தந்தை அழைப்பிதழை எடுத்து நீட்டினார். "அனைவரும் வருகன்னு போட்டிருக்குங்களே" என்றார், மெல்லிய குரலில்.

காவலர் அதை வாங்கக்கூட இல்லை. "போட்டவங்க யாரோ, அவங்களைப் போய்க் கேளு!" என்றார்.

போட்டவர் யார்? என் தந்தை! எட்டு எழுத்தையும் எடுத்துக் கோத்தவர், எதிரே நிற்கிறார்! 'போட்டவன் நான்தான்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழைப்பிதழை மடித்தார், பையில் வைத்தார், திரும்பினார். வழியில் எனக்கு வேர்க்கடலை வாங்கித் தந்தார். வீட்டில் அம்மா கேட்டபோது, "இன்னிக்குக் கூட்டம் இல்லையாம்" என்று கூறிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். உண்மை அறிந்தவர் இருவர். ஒருவர் பொய் சொன்னார், மற்றவன் கடலை தின்றான்.

அந்தக் காவலரை நான் நெடுங்காலம் வெறுத்தேன். தோழர்களே! வெறுப்பது எளிது, எதிரி வெளியே நிற்கும்வரை அது மிகவும் எளிது. நான் சொல்ல வந்த செய்தி அதுவன்று. சொல்லக் கூசும் செய்தி ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவேனாகில், நானும் வாழைமரம் கட்டுபவனே ஆவேன்.

1979. அதே வளாகத்தில் நான் மாணவன். எங்கள் தெருவிலிருந்து அந்த வாயிலைக் கடந்து உள்ளே சென்ற முதல் பிள்ளை. அவ்வாண்டு கலைவிழா, பேச்சரங்கில் எனக்கும் ஓர் இடம். அழைப்பிதழில் என் பெயர். அச்சானது எங்கே? அதே அச்சகத்தில். கோத்தவர் யார்? கேட்க வேண்டுமா!

விழாவுக்கு முதல்நாள் இரவு, தயங்கித் தயங்கித் தந்தை கேட்டார்: "ஏம்பா, நானும் வரலாமா?"

என் கண்முன் என்ன வந்தது தெரியுமா? அவர் நகக்கண்ணில் இருந்த கறுப்பு. எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. என் நண்பர்களின் தந்தையர், வழக்குரைஞர், மருத்துவர், பேராசிரியர், முன்வரிசையில் அமர்வார்கள். அவர்களிடையே இவரா என்று எண்ணினேன். எண்ணிய மாத்திரத்தில் வாய் பேசிற்று: "இல்லப்பா, அது மாணவர்களுக்கு மட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். அந்த அழைப்பிதழின் அடியில் என்ன போட்டிருந்தது என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். "சரிப்பா" என்றார். அவ்வளவுதான்.

காவலர் கூலிக்குத் தடுத்தார். நான் கூலி வாங்காமலே தடுத்தேன். காவலருக்கு அவர் யாரோ. எனக்கு அவர் தந்தை. மேடையில் அன்று நான் எதைப் பற்றிப் பேசினேன் என்கிறீர்கள்? சமத்துவம் பற்றி! கைதட்டல் வானைப் பிளந்தது. பரிசும் கிடைத்தது. அந்தப் பரிசுக் கோப்பையை நான் இன்றுவரை அலமாரியின் முன்வரிசையில் வைத்ததில்லை.

ஈய எழுத்துக்குக் காலம் முடிந்தது, ஆப்செட் வந்தது, அச்சகத்தில் கேஸ்கள் மூலைக்குப் போயின. 1994இல் தந்தை மறைந்தார். நான் அதே வளாகத்து நூலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணி புரிந்து ஓய்வு பெற்றேன். இந்தச் செய்தியை எவரிடமும் சொன்னதில்லை. இப்போது ஏன் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது.

வளாகத்தின் கலை இலக்கிய நிகழ்ச்சிக் குழுவில், ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்கும் ஓர் இருக்கை தந்திருக்கிறார்கள். அடுத்த மாத நிகழ்ச்சிப் பட்டியலை, எழுத்துப் பிழை பார்ப்பதற்காக, என் கைப்பேசிக்கு அனுப்பினார்கள். நான்கு நிகழ்ச்சிகள். முதல் வாரம், பழந்தமிழ் இலக்கியம் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த வரலாறு பற்றி ஓர் உரை. இரண்டாம் வாரம், மாணவர் தீட்டிய ஓவியங்களின் காட்சி. மூன்றாம் வாரம், சோபக்கிளீசின் 'ஆன்டிகனி' நாடகம், தமிழில். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பு ஏதென்சில் பிறந்த நாடகம். அரசன் ஆணையை ஒரு பெண் மறுத்து நிற்கும் கதை. நான்காம் வாரம், ஈய எழுத்து அச்சுக்கலைப் பொருட்காட்சியும், எழுத்துச் சீர்திருத்தம் பற்றிய கலந்துரையாடலும்.

நல்ல பட்டியல்! நெஞ்சு நிறைந்தது. கீழே பார்த்தேன். 'அனைவரும் வருக.' அதன் கீழே, சிறிய எழுத்தில், இன்னொரு வரி: 'பல்கலைக்கழக அடையாள அட்டை கட்டாயம்.' அதன் கீழே நேரம்: நான்கிற்கும் வேலை நாளில், பகல் 11 மணி!

அனைவரும் வருக, ஆனால் அட்டை வேண்டும். அனைவரும் வருக, ஆனால் பகல் 11 மணிக்கு வருக. பகல் 11 மணிக்கு எந்தக் கொத்தனார் வருவார்? எந்தத் தையற்காரர் வருவார்? எந்தப் பேருந்து நடத்துநர், எந்தச் செவிலி, எந்த வீட்டு வேலை செய்யும் அம்மா வருவார்? எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னார்கள். எழுத்தில் பிழை இல்லை, பொருளில்தான் பிழை!

'இதென்ன பெரிய குறை? கலையும் இலக்கியமும் கற்றோர்க்கு உரியவை. உழைப்பவனுக்கு உடனடித் தேவை சோறும் கூலியும்' என்று சிலர் கூறுவர். கூறுபவர் உழைப்பவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள்! உழைப்பவன் தனக்குக் கதை வேண்டாம், பாட்டு வேண்டாம், வரலாறு வேண்டாம் என்று எங்கே சொன்னான்? நம் ஊர்களில் தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் படிப்பகத்திலும், எழுத்தறிந்த ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்டதை நாடு கண்டதன்றோ? அங்கே எவர் அட்டை கேட்டார்? எவர் பட்டம் கேட்டார்? அந்தப் பத்துப் பேரின் பிள்ளைகள்தானே பின்னர்ப் பல்கலைக்கழகங்களின் வகுப்பறைகளை நிரப்பினர்!

இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. பாரிசில் 1530இல் முதலாம் பிரான்சுவா மன்னர் காலத்தில் தோன்றிய 'கொலேஜ் து பிரான்ஸ்' என்னும் நிறுவனம் இன்றும் நடக்கிறது. அங்கே சேர்க்கை இல்லை, தேர்வு இல்லை, பட்டம் இல்லை, கட்டணமும் இல்லை. நாட்டின் தலைசிறந்த அறிஞர் பேசுவார். தெருவில் செல்பவர் நுழைந்து கேட்கலாம். லண்டனில் தாமஸ் கிரஷாம் என்ற வணிகர் எழுதிவைத்த உயிலின்படி 1597இல் தொடங்கிய கிரஷாம் கல்லூரி, பொதுமக்களுக்கென இலவசச் சொற்பொழிவு நடத்திற்று. உரைகள் இலத்தீனில் மட்டுமல்ல, மக்கள் பேசிய ஆங்கிலத்திலும் நிகழ்ந்தன. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட், பல்கலைக்கழகத்துக்கு வரமுடியாதவர்களை நோக்கிப் பல்கலைக்கழகம் செல்லட்டுமே என்று புறப்பட்டார். 1867இல் வட இங்கிலாந்து நகரங்களில் பெண்களுக்கு உரையாற்றினார். கிரூ நகரில் ரயில்வே பட்டறைத் தொழிலாளரிடையே பேசினார். 1873இல் கேம்பிரிட்ஜ் அந்த முறையைத் தன் பணியாகவே ஏற்றுக்கொண்டது. வாயிலைத் திறந்ததால் அந்த அறிவாலயங்கள் இடிந்து விழுந்தனவா? இல்லை, அவற்றின் புகழ் பெருகிற்று!

நம் நாட்டில் பல்கலைக்கழகம் பிறந்த விதமே வேறு. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்றிலும், லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்தார்கள். நெடுங்காலம் அவற்றின் தலையாய வேலை என்ன? பாடம் சொல்வதன்று, தேர்வு நடத்துவது! யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்று சலிக்கும் சல்லடையாகத்தான் அவை பிறந்தன. சல்லடைக்குப் பிறந்த பழக்கம் எளிதில் போகுமா? கற்பிக்கும் கழகமாக வளர்ந்தபின்னும் வாயிலில் அந்தச் சல்லடை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

உள்ளே நுழைந்தபின்னும், மேடை யாருடையது என்ற கேள்வி எழுந்தது. தமிழகத்து மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டு ஒரு கிளர்ச்சியே நடத்த வேண்டியிருந்ததன்றோ! 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில், 1941இல் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. வளாகத்தில் நடக்கும் கலை நிகழ்ச்சி வெறும் பொழுதுபோக்கு என்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். எந்த மொழியில் பாடுவது, யார் பாடுவது, யார் கேட்பது என்ற மூன்று கேள்விகளும் ஒரே கேள்வியின் மூன்று முகங்கள்.

குழுக்கூட்டத்தில் எழுந்தேன். அந்த வரியைப் படித்துக் காட்டினேன். "அனைவரும் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், அல்லது அட்டை என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே தாளில் இருத்தல் ஆகாது" என்றேன்.

எதிர்ப்பு வந்தது. அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஏனெனில் அதில் நியாயமும் இருந்தது. இளம் பேராசிரியை ஒருவர் எழுந்தார். "ஐயா, அட்டை கேட்பது செருக்கினால் அல்ல. மாலை வேளையில் வெளியார் நுழைந்து மாணவியருக்குத் தொல்லை தந்ததுண்டு. பெற்றோர் எங்களைத்தான் கேட்பார்கள்" என்றார். மறுக்க முடியுமா? முடியாது. அவரே தொடர்ந்தார்: "உண்மையைச் சொன்னால், பகல் 11 மணிக்கு வைப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. வகுப்பு நேரமாக இருந்தால்தான் மாணவரை அழைத்துவந்து உட்கார வைக்க முடியும். வருகைப் பதிவு எடுக்காவிட்டால் அரங்கில் நாற்காலிகள்தாம் இருக்கும்."

நான் திகைத்தேன். பாருங்கள் இந்த விந்தையை! உள்ளே இருப்பவனுக்குக் கட்டாயம். வெளியே இருப்பவனுக்குத் தடை. கேட்க விருப்பமில்லாதவனைப் பிடித்து உட்கார வைக்கிறோம். கேட்க ஏங்குகிறவனைப் பிடித்து வெளியே நிறுத்துகிறோம். இருவருக்கும் நடுவே அரங்கு. அரங்கின் முகப்பில் 'அனைவரும் வருக'!

நெடுநேரம் பேசினோம். முடிவில் ஒரு வழி பிறந்தது. நான்கில் ஒன்று, அச்சுக்கலைப் பொருட்காட்சி மட்டும், சனிக்கிழமை மாலை 5.30 மணிக்கு. அடையாள அட்டை வேண்டாம். வாயிலில் ஒரு குறிப்பேடு, வருபவர் பெயரும் ஊரும் எழுதினால் போதும். எழுத இயலாதவர்க்கு மாணவர் எழுதித் தருவார். வாயிற்காவலருக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் செய்தி. அழைப்பிதழ் தமிழில். வழி யோசித்துச் சொன்னவர் யார் தெரியுமா? எதிர்த்துப் பேசிய அதே பேராசிரியை! மற்ற மூன்றும் பழையபடியே. நான்கில் ஒன்றுதான் என்று சலித்துக்கொள்ளலாம். நான் சலித்துக்கொள்ளவில்லை. 1968இல் ஒன்றுகூட இல்லை.

அந்த நிகழ்ச்சியின் பொருளைச் சற்றே சொல்லவேண்டும். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் நூல், ரோமன் எழுத்தில் வந்தது. 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. 1713 அளவில் தரங்கம்பாடியில் அச்சகம் இயங்கிற்று. 1812இல் திருக்குறள் அச்சேறியது. சீவக சிந்தாமணி 1887இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பாக வந்தன. பதிப்பித்தவர் பெயரை அறிவோம், போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். அந்தப் பக்கங்களை எழுத்தெழுத்தாகக் கோத்தவர் பெயர்? அறியோம்! ஏட்டிலே கிடந்த தமிழ் நாட்டிலே நடமாடியது எவர் விரலாலோ, அவர் பெயர் அட்டையிலும் இல்லை, அடிக்குறிப்பிலும் இல்லை.

எழுத்துச் சீர்திருத்தமும் அவ்வாறே. எழுத்து என்றும் மாறாதது, தொட்டால் தீட்டு என்பார் உண்டு. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வடிவால் பிரித்துக் காட்டும் மாற்றத்தை வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் செய்தார். தமிழ் அழியவில்லை, தெளிவடைந்தது. ணா, றா, னா என்பனவும், ணை, லை, ளை, னை என்பனவும், ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ என்பனவுமாகிய 13 எழுத்துகள் முன்பு தனித்தனி வடிவம் பூண்டிருந்தன. இவற்றையும் மற்ற எழுத்துகளின் முறையிலேயே எழுதலாமே என்று பெரியார் 1935இல் 'குடி அரசு' ஏட்டில் எழுதிக் காட்டினார்; அச்சிட்டும் காட்டினார். 1978இல் தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது. நாம் அதை மொழிச் சிக்கலாகப் பேசினோம். என் தந்தைக்கு அது கைச் சிக்கல்! "கேஸ்ல தேடற அறை குறையும்ப்பா. குழந்தைக்கும் லேசு, கம்பாசிட்டருக்கும் லேசு" என்றார். அவ்வளவே அவர் ஆராய்ச்சி. ஆனால் அதைவிடச் சிறந்த ஆராய்ச்சியை நான் இன்னும் படித்ததில்லை. 'அனைவரும்' என்ற சொல்லில்கூட அந்தச் சீர்திருத்தம் புகுந்திருக்கிறது. அதிலுள்ள 'னை' அந்தப் பதின்மூன்றில் ஒன்று. எழுத்தின் வடிவம் மாறிவிட்டது. சொல்லின் பொருள்தான் மாறாமல் கிடக்கிறது.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு முதலில் யாரை அழைப்பது? தந்தையோடு அதே அச்சகத்தில், அவருக்கு இளையவராக, கேஸ் எதிரே நின்ற ஒருவர் இன்னும் இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. சென்ற ஞாயிறு அவர் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் அமர்ந்திருந்தார். அழைப்பிதழைக் கொடுத்தேன். கண்ணுக்கு அருகே வைத்துப் படித்தார். பழக்கம் விடவில்லை, ஒரு கணம் தாளைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

பிறகு கேட்டார்: "உள்ளே விடுவாங்களா, தம்பி?"

அறுபது ஆண்டுகளை எட்டப் போகிறது. கேள்வி மாறவில்லை!

"நானே வாயிலில் நிற்பேன் அண்ணே" என்றேன். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. 1979ஆம் ஆண்டுக் கதையை, எவரிடமும் சொல்லாததை, அவரிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. சற்று நேரம் தெருவைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்:

"அந்த அழைப்பிதழ் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான்தான் அதைக் கோக்க ஆரம்பிச்சேன். உங்க அப்பா வந்து ஸ்டிக்கை வாங்கிக்கிட்டாரு. 'என் பையன் பேரு இருக்கு, நானே போடறேன்'னாரு. மத்தவங்க பேரெல்லாம் 12 பாயிண்ட். உன் பேரை மட்டும் 14 பாயிண்ட்ல போட்டாரு. புரூஃப்ல பல்கலைக்கழகத்துக்காரங்க வட்டம் போட்டு அனுப்பிட்டாங்க. அப்புறம் அவரே எடுத்துட்டுச் சின்ன எழுத்தா மாத்தினாரு."

என்ன சொல்வேன்! என் பெயரை அவர் ஒரு படி உயர்த்திக் கோத்தார். அவர் கேட்டபோது நான் அவரை ஒரு படி கீழே தள்ளினேன். அவர் தம் பிழையை அன்றே திருத்திக்கொண்டார். என் பிழையைத் திருத்த எனக்கு இத்தனை ஆண்டு தேவைப்பட்டது. திருத்தப்பட வேண்டியவர் இப்போது இல்லாதபோது!

பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் மகன் விளம்பரப் பதாகை அச்சிடும் கடை வைத்திருக்கிறார். கடையை மூடிவிட்டு அவரும் வருவாராம். மாணவர் முன்னிலையில் ஸ்டிக்கைக் கையில் பிடித்துக் கோத்துக் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். "எதைக் கோக்கறது?" என்று கேட்டார். "உங்கள் விருப்பம்" என்றேன். ஆனால் எனக்கு ஓர் ஆசை உண்டு. அது எந்தச் சொற்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரங்கில் கூட்டம் வருமா? அறியேன். வருகைப் பதிவு இல்லை, வராமலும் போகலாம். அன்று காவலர் வேறொருவராக மாறிவிடலாம்; குறிப்பேடு வந்து சேராமற் போகலாம். எதற்கும் நான் 5 மணிக்கே வாயிலில் நிற்பேன்.

இளந்தோழர்களே! உங்கள் ஊரிலும் ஒரு வளாகம் இருக்கும். அதன் அறிவிப்புப் பலகையில் அடுத்த மாதத்து உரைகளும் நாடகங்களும் ஓவியக் காட்சிகளும் ஒட்டப்பட்டிருக்கும். நீங்கள் சென்று கேட்பது நன்று. ஆனால் அது போதாது. அந்தப் பலகையின் அடியில் அந்த இரண்டு சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அவை மெய்யா என்று சோதியுங்கள். நேரம் உழைப்பவருக்கு ஏற்றதா? மொழி அவருக்கு விளங்குவதா? வாயிலில் நிற்பவருக்குச் செய்தி தெரியுமா? இல்லையெனில் கேளுங்கள், பணிவோடு கேளுங்கள், விடாமல் கேளுங்கள். நாங்கள் நான்கில் ஒன்று பெற்றோம். நீங்கள் நான்கில் இரண்டு பெறுங்கள்.

அதற்கும் முன்பாக ஒன்று. இன்றிரவு வீட்டுக்குச் செல்லும்போது, உங்கள் தந்தையின் கையைப் பாருங்கள். தாயின் கையைப் பாருங்கள். மண்ணோ, மையோ, மாவோ, எண்ணெயோ, ஏதேனும் ஒரு கறை இருக்கும். அந்தக் கறையின் விலைதான் உங்கள் கல்வி. "நானும் வரலாமா?" என்று அவர்கள் கேட்கும்வரை காத்திராதீர்கள். நீங்களே கேளுங்கள்: "வர்றீங்களா?" என்று. சமத்துவம் பற்றி மேடையில் பேசுவது பிறகு ஆகட்டும். முன்வரிசையில் முதலில் அவர்களை உட்கார வையுங்கள்.